ஒரு மாவோரிக் குடும்பம் கேட்ட கேள்வி

நேயர்களுக்கு வணக்கம். இரைப்பைப் புற்றுநோய் என்றால் அறுபது, எழுபது வயதில் வருவது என்றுதான் நினைக்கிறோம். நியூசிலாந்தின் டவுரங்கா பக்கம், அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் ஒரு குடும்பத்தில் 14 வயதிலேயே அது வந்திருக்கிறது. 30 ஆண்டுகளில் அந்த உறவுக்குள் 25 பேர் போய்விட்டார்கள். சாபம் என்றுகூடப் பேச்சு இருந்தது.

குடும்பத்துப் பெரியவர்கள் அதோடு விடவில்லை; ஏன் எங்கள் குடும்பத்தில் மட்டும் இப்படி என்று கேட்டார்கள். 1990-களில் ஒடாகோ பல்கலைக்கழக மரபியலாளர் பாரி கில்ஃபோர்டோடு சேர்ந்து, யாருக்கு யார் பிள்ளை, யார் எந்த வயதில் இறந்தார் என்று வம்சாவளியையே விரித்து வைத்தார்கள். மாவோரிகள் வம்சாவளியை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள்; ஆய்வுக்கு அது பெரிய கொடுப்பினை. 1998-இல் விடை கிடைத்தது: சிடிஎச்1 என்ற மரபணுவில் பழுது.

அந்த மரபணு செய்யும் புரதம், செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைக்கும் பசை. பசை விட்டுப்போனால் புற்றுச் செல்கள் கட்டியாகத் திரளாமல் உட்சுவருக்கு அடியில் தனித்தனியாகப் பரவும். குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பியில் மேல்பரப்பு ஆரோக்கியமாகவே தெரியும். அதனால்தான் பழுது இருப்பவர்களில் பலர், உடம்பு நன்றாக இருக்கும்போதே இரைப்பையை முழுதாக எடுத்துவிடுகிறார்கள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பலவேளை சாப்பாடு, ஆயுள் முழுக்க பி12 ஊசி.

சரி, இது மாவோரி இனத்தின் நோயா? இதே மரபணுவில் பழுது ஐரோப்பியக் குடும்பங்களிலும் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலும் உண்டு. மாவோரிகளிடம் இரைப்பைப் புற்று கூடுதலாக இருப்பதற்கு இந்த மரபணு ஒரு பங்குதான். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இன்னொன்று. சிறுவயதில், நெருக்கடியான வீடுகளில் எளிதாகத் தொற்றிக்கொள்ளும். அதைப் புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-லேயே அறிவித்துவிட்டது. வீட்டு வாடகையும் வருமானமும் இங்கே இனம் என்ற பெயரில் கணக்கில் ஏறுகின்றன.

அமெரிக்காவிலும் இப்படித்தான். வெள்ளையரைவிட ஹிஸ்பானியர் (லத்தீன் அமெரிக்க வழியினர்), கறுப்பினத்தவர், ஆசிய வழியினர், பூர்வகுடிகளிடம் இரைப்பைப் புற்று அதிகம். ஐம்பதுக்குக் கீழே வரும் புற்றில் ஹிஸ்பானியர் பங்கு கண்ணில் உறுத்தும். உணவுக்குழாயில் கதை வேறு: நெஞ்சில் அமிலம் ஏறுவதோடும் உடல் பருமனோடும் தொடர்புள்ள வகை வெள்ளைக்கார ஆண்களிடம் அதிகம், புகை, மதுவோடு தொடர்புள்ள வகை கறுப்பினத்தவரிடம்.

தென் கொரியாவில் 40 வயதிலிருந்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அரசே பரிசோதிக்கிறது. அமெரிக்காவில் எல்லோருக்குமான திட்டம் கிடையாது. கொரியத் திட்டத்திலும் முப்பது வயதுக்காரருக்கு இடமில்லை. வயிறு எரிகிறது என்று வருகிற அவருக்கு அமில மாத்திரைதான் எழுதுவோம். நானும் எழுதியவன்தான், பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் எடை இறங்குகிறது, விழுங்கினால் அடைக்கிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்றால் இரண்டாவது முறையும் அதே மாத்திரையை எழுத மாட்டேன். அந்தப் பெரியவர்களிடம் கில்ஃபோர்டுக்குக் கிடைத்த தகவலை நானும் கேட்பேன்: உங்கள் வீட்டில் யாராவது வயிற்றுப் புற்றில் போனார்களா, எந்த வயதில்?