கடித மூட்டைக்குப் பக்கத்தில் ஓர் இருக்கை

எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டது போயிங் 40ஏ. ஒற்றை எஞ்சின், மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கை. அமெரிக்காவில் 1927-இல் தபால் சுமக்கச் செய்த விமானம். பயணிக்கு அதில் இடம் கிடைத்தது எப்படி என்பதுதான் சுவாரசியம்.

முதலில், 1925-இல், லிபர்ட்டி என்ற எஞ்சினை வைத்துத்தான் இதன் முந்தைய வடிவத்தைச் செய்தார்கள். முதல் உலகப் போரில் மிஞ்சிய சரக்கு. தண்ணீரால் குளிரும் எஞ்சின் என்பதால் ரேடியேட்டர், குழாய், தண்ணீர் எல்லாவற்றையும் வானத்துக்குத் தூக்கிப் போக வேண்டும். அந்த விமானம் எடுபடவில்லை. தபால் துறையின் ஆர்டர் டக்ளஸ் நிறுவனத்துக்குப் போனது.

அப்புறம் வாஸ்ப் எஞ்சின் வந்தது. 420 குதிரைத்திறன். ஒன்பது சிலிண்டர்கள் வட்டமாக நிற்கும். ஒவ்வொன்றையும் சுற்றி வரிவரியாக உலோகத் தகடுகள். நம் மோட்டார் சைக்கிள் எஞ்சினில் பார்த்திருப்பீர்களே, அதே வேலைதான்: எதிர்க்காற்றே சூட்டைக் கொண்டுபோய்விடும். எடையில் சுமார் 90 கிலோ மிச்சம். கொஞ்சம் கனமான ஓர் ஆளின் எடை!

சிகாகோவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை தபால் கொண்டுபோகும் ஒப்பந்தத்தை போயிங் மிகக் குறைந்த விலை சொல்லிப் பிடித்தது. முதல் ஆயிரம் மைலுக்கு ஒரு பவுண்டுத் தபாலுக்கு ஒன்றரை டாலர். கட்டுப்படியாகாது என்று போட்டியாளர்கள் சிரித்தார்கள். கணக்கைப் பாருங்கள். விமானம் 1,200 பவுண்டுத் தபால் ஏற்றும். முழுச்சுமை இருந்தால் முதல் ஆயிரம் மைலுக்கே 1,800 டாலர். பயணிகள் இரண்டே பேர். கடைசி ஊர் வரைக்கும் ஆளுக்கு 200 டாலர். சோறு போட்டது தபால்தான். பயணி ஊறுகாய்.

அந்த இருவருக்கும் இறக்கைகளுக்கு நடுவே, பெட்டி மாதிரி ஒரு சின்ன அறை. கதவு உண்டு, ஜன்னல் உண்டு. விமானி? அவர்களுக்குப் பின்னால், கூரையில்லாத குழியில், தோல் கோட்டும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு காற்றில் உட்கார்ந்திருப்பார். ராக்கி மலைக் குளிர் முழுவதும் அவருக்கு. டிக்கெட் வாங்கியவர் கதகதப்பாக வர, வண்டி ஓட்டுபவர் நடுங்கிக்கொண்டு வருவார். மாட்டுவண்டியில்கூட இந்த ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

ஜூலை 1 அன்று இரவு சிகாகோவில் ஏறிய முதல் பயணி ஜேன் ஈட்ஸ், ஒரு பத்திரிகை நிருபர். நடுநடுவே இறங்கி ஏறி, ஒரு நாளுக்குள் சான் பிரான்சிஸ்கோ போய்விட்டார். ரயிலில் போயிருந்தால் இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும்.

சரி, அந்த விமானிக்கு எப்போது கூரை கிடைத்தது? அடுத்து வந்த மூன்று எஞ்சின் போயிங் 80-இல் அவரை மூடிய அறைக்குள் உட்கார வைத்தார்கள். விமானிகளுக்கோ அது பிடிக்கவில்லை. அவர்களின் விருப்பத்துக்காகத் திறந்த இருக்கையோடு ஒன்றே ஒன்று செய்து பார்த்தார்கள். பிற்பாடு அதற்கும் கூரை போட்டுவிட்டார்கள்.