வானமும் ஒரு குளம்தான்

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் இருக்கும் அண்ணைமாரே, தங்கச்சி, வயல் வேலையை முடித்த கையோடு வந்து இருக்கும் அம்மாமாரே, ஐயாமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

"புகைக்கு விலை வைப்பது பூமியைக் காக்குமா, ஏழையை வாட்டுமா?" இதுதான் தலைப்பு. காக்கும் என்ற பக்கத்தில் நான் நிற்கிறேன். எனக்கு முன் பேசிய தங்கச்சி 2022 ஆவணியை நினைவூட்டினார். 87 ரூபாய் விற்ற மண்ணெண்ணெய் ஒரே நாளில் 340 ரூபாய் ஆனது. அந்த விலைக்கு எண்ணெய் வாங்கித் தொழிலுக்குப் போக முடியாத முல்லைத்தீவுக் கடற்றொழிலாளரின் நிலையைச் சொன்னபோது இங்கே பலர் தலையைக் குனிந்தீர்கள். அதற்குப் பதில் சொல்லாமல் நான் இறங்கமாட்டேன். ஆனால் அதற்கு முதல் உங்களைக் கிளிநொச்சி இரணைமடுக் குளக்கட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும்.

குளத்துத் தண்ணீரை நம்பிச் செய்யும் கோடை விதைப்பு, சிறுபோகம், தொடங்க முதல் என்ன செய்கிறோம்? குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்க்கிறோம். பிறகு கூட்டம் வைக்கிறோம். அரசாங்க அதிபர் வருவார், நீர்ப்பாசனத் திணைக்களத்தார் வருவார்கள், கமக்கார அமைப்புகள் வரும். இவ்வளவு தண்ணீருக்கு இத்தனை ஏக்கர்தான் என்று தீர்மானமாகும். அந்த ஏக்கர் பங்கு பிரியும். தன் பங்கைச் செய்ய வசதியில்லாதவர் இன்னொருவருக்குக் குத்தகைக்குக் கொடுப்பதும் உண்டு. சண்டை வரும், சத்தம் வரும். இருந்தாலும், "கணக்கு என்னத்துக்கு? துருசைத் திறந்துவிடுங்கள், அவரவர் வேண்டிய மட்டும் பாய்ச்சட்டும்" என்று எழும்பிச் சொன்ன ஒருவரைக் காட்டுங்கள் பார்ப்போம். அப்படி விட்டால் வாய்க்கால் தலைப்பில் இருக்கிறவரின் வயலில் தண்ணீர் வழியும். கடைசியில் இருக்கிறவரின் பயிர் குடலைப் பருவத்திலேயே கருகும். அது எங்கள் அப்புமாருக்கும் தெரிந்திருந்தது.

வானமும் ஒரு குளம்தான், நடுவர் அவர்களே. அதில் நாங்கள் தண்ணீர் எடுப்பதில்லை, புகையைக் கொட்டுகிறோம். நிலக்கரியும் எண்ணெயும் பெருமளவில் எரியத் தொடங்குவதற்கு முன்பு காற்றின் பத்து இலட்சம் பங்கில், பூமியின் சூட்டை வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கும் காபனீரொட்சைட்டு சுமார் 280 பங்கு இருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. நெடுங்காலமாக அந்தக் குளத்துக்குத் துருசும் இருக்கவில்லை, கூட்டமும் நடக்கவில்லை. கொட்டியவர் ஒரு சதமும் கட்டவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் செய்தது எங்கள் சிறுபோகக் கூட்டம் மாதிரித்தான். மொத்தம் இவ்வளவு புகைதான் என்று ஓர் அளவு குறித்தார்கள். அதை அனுமதிப் பத்திரங்களாகப் பிரித்தார்கள். ஆலைகளும் மின் நிலையங்களும் அவற்றைத் தங்களுக்குள் வாங்கி விற்கலாம். தொடக்கத்தில் பத்திரங்களை அள்ளிக் கொடுத்துவிட்டார்கள். குளத்துத் தண்ணீருக்கு மிஞ்சி ஏக்கர் எழுதின கதைதான், பத்திரத்தின் விலை படுத்துவிட்டது. பிறகு அளவை இறுக்கினார்கள், ஆண்டுக்காண்டு குறைத்து வருகிறார்கள். எதிரணித் தலைவர், "பணக்காரன் காசைக் கட்டிவிட்டு இன்னும் புகைப்பான்" என்றார். கட்டலாம், அண்ணை. ஆனால் குளத்தில் இருப்பது அவ்வளவுதான். ஒருவர் கூடுதலாக எடுத்தால் இன்னொருவர் விட்டுக்கொடுத்திருக்க வேண்டும். மொத்தப் புகை கூடப் போவதில்லை.

சுவீடன் வேறு வழியில் போனது. 1991இலேயே நேரடியாகக் காபன் வரி, அதாவது கொட்டும் புகைக்கு வரி, போட்டது. அது பனி கொட்டும் தேசம், வீட்டைச் சூடாக்காமல் மனிதர் இருக்க முடியாது. எண்ணெயின் விலை ஏறியதும் மரக்கழிவை எரித்து நகரத்துக்கே சூடு அனுப்பும் முறைக்கு மாறினார்கள். அந்த நாடு வறுமைப்பட்டுப் போகவில்லை.

சரி, இனி எங்கள் கதைக்கு வருகிறேன்.

இலங்கையில் ஓர் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் ஒரு தொன் காபனீரொட்சைட்டு. அமெரிக்காவில் ஓர் ஆளுக்குப் பதினான்கு தொன் அளவில். வாய்க்கால் தலைப்பில் அவர்கள், கடைசியில் நாங்கள். 2016, 2017 வறட்சியில் வன்னிக் குளங்கள் கிடந்த கிடை உங்களுக்குத் தெரியும். அடுத்த ஆண்டே, 2018 மார்கழியில், ஓர் இரவு மழைக்கு இரணைமடுவின் வான்கதவுகளைத் திறக்க வேண்டி வந்து சனம் பாடசாலைகளில் படுத்தது. இந்த ஒரு வெள்ளம் சூட்டினால்தான் வந்தது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் காற்று ஒரு பாகை சூடேறினால் சுமார் 7 வீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும், அது விழும்போது அடித்து விழும். இது விஞ்ஞானம்.

"நாங்கள் ஒரு தொன்காரர், நாங்கள் ஏன் கட்ட வேண்டும்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் விலை புகைக்குத்தான், ஆளுக்கல்ல. குறையக் கொட்டுகிறவர் குறையக் கட்டுவார். அதோடு, வந்த பணத்தைத் தலைக்கு இவ்வளவு என்று சமமாகத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இதுதான் என் வாதத்தின் உயிர்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ காபனீரொட்சைட்டு, பெற்றோல் என்றால் 2.3 கிலோ. கிலோவுக்குப் பத்து ரூபாய் என்று வைப்போம். பத்து வீடுகள். ஒரு வீட்டில் ஜீப், மாதம் 200 லீற்றர் டீசல். அவர் கட்டுவது 5,400 ரூபாய். மற்ற ஒன்பது வீட்டிலும் மோட்டார் சைக்கிள், பத்து லீற்றர் பெற்றோல். வீட்டுக்கு 230 ரூபாய். மொத்தம் 7,470. பத்தாகப் பிரித்தால் வீட்டுக்கு 747. அந்த ஒன்பது வீட்டில் ஒவ்வொன்றுக்கும் 517 ரூபாய் மிச்சம். பஸ் காசும் சாமான் விலையும் கொஞ்சம் ஏறும், மறைக்கவில்லை. லான்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில் உழுகிறவருக்கும் வள்ளத்துக்கு எண்ணெய் ஊற்றுகிறவருக்கும் தனியாக ஈடு வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். உரமானியம் கமக்காரரின் வங்கிக் கணக்குக்கு வருகிறது, வறிய குடும்பங்களுக்கான அரச உதவியான அஸ்வெசும வருகிறது. அனுப்பும் வாய்க்கால் வெட்டியாகிவிட்டது.

இப்போது தங்கச்சியின் மண்ணெண்ணெய். அந்த 340 ரூபாயில் ஒரு ரூபாயாவது அந்தக் கடற்றொழிலாளரின் கைக்குத் திரும்பியதா? அது காபன் விலை இல்லை. திவாலான நாட்டின் சுமை. இன்னும் பழைய கதையும் எங்களிடம் இருக்கிறது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை. அப்பா நாலு சொட்டுப் பெற்றோலில் மோட்டார் சைக்கிளை உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினார். நான் ஜாம்போத்தல் விளக்கில் படித்தேன். எரிபொருளின் அருமையை எங்களுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. அந்தத் தடை எங்களை வதைத்தது, பறித்தது, எதையும் திருப்பித் தரவில்லை. அந்த வலியைத் தெரிந்தவன் என்பதால்தான் திருப்பித் தராத எந்த விலையையும் நான் ஆதரிக்கமாட்டேன்.

"இலங்கையில் போட்டுப் பார்த்துத் தோற்றதுதானே" என்றார்கள். 2019 தை முதல் வாகனங்களுக்குக் காபன் வரி இருந்தது, 2020இல் எடுத்துவிட்டார்கள். அந்த வரியைக் கணக்கிட்டது இயந்திரத்தின் கொள்ளளவையும் வாகனத்தின் வயதையும் வைத்து. கொட்டிலில் நிறுத்தி வைத்தவரும் நாள்தோறும் கொழும்புக்கு ஓடியவரும் ஒரே தொகை. புகையை அளக்காத வரிக்குக் காபன் என்று பெயர் வைத்தால் அது காபன் விலையாகிவிடுமா? கனடாவையும் சொன்னார்கள். உண்மை, 2025 சித்திரையில் சாதாரண சனத்தின் எரிபொருளுக்கான விலையை எடுத்துவிட்டார்கள். அங்கே பணம் திரும்பக் கிடைத்தது, ஆனால் பெற்றோல் நிலையத்தில் கொடுத்தது கண்ணில் பட்ட அளவுக்குக் கணக்கில் வந்தது பலருக்குப் படவில்லை. இங்கே செய்வதென்றால் முதலில் பணம் கைக்கு வரட்டும், பிறகு விலை ஏறட்டும்.

மணி அடித்துவிட்டது, முடிக்கிறேன். அடுத்து வரும் எதிரணி அண்ணையிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். புகைக்கு விலை வைத்தால் ஏழை கட்ட வேண்டி வரும் என்கிறீர்கள். 2018 வெள்ளத்தில் அழிந்த வயலுக்கும், செத்த மாடுகளுக்கும், ஊறிப்போன விதைநெல்லுக்கும் காசு கட்டினது யார், அண்ணை? அதைச் சொல்லிவிட்டுப் பேசத் தொடங்குங்கள்.