தோற்றவன் மிஷ்கின் அல்லன்

நடுவர் அவர்களுக்கும் அவையோர்க்கும் வணக்கம். தஸ்தயெவ்ஸ்கியின் 'அசடன்' நாவலில் தோற்றது இளவரசன் மிஷ்கினின் வெள்ளை மனமா, அவனைச் சூழ்ந்த சமூகமா என்ற கேள்விக்கு, சமூகமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

சற்றுமுன் எதிரணி நண்பர், "சுவிட்சர்லாந்தில் வைத்தியம் பார்த்துவிட்டு ரயிலேறி வந்தவன் கடைசியில் அந்த வைத்தியரிடமே திரும்பினான், இடையில் நஸ்தாஸ்யாவின் வாழ்வைக் கெடுத்ததுதான் மிச்சம்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். கெடுத்தவன் யார்? பெற்றோரை இழந்த சிறுமி நஸ்தாஸ்யாவை வளர்ப்பதாகச் சொல்லி, பதினாறு வயதில் அவளைத் தன் ஆசைக்கு இரையாக்கியவன் டாட்ஸ்கி என்னும் செல்வந்தன். தளபதி ஒருவரின் வீட்டுப் பெண்ணை மணக்க அவள் இடைஞ்சலானதும், 75,000 ரூபிளோடு அந்தத் தளபதியின் செயலாளன் கான்யாவின் தலையில் கட்டிவிடப் பார்த்தவனும் அவனே. மிஷ்கின் பீட்டர்ஸ்பர்க் மண்ணை மிதிக்கும் முன்பே நடந்துகொண்டிருந்த பேரம் இது.

அவளது பிறந்தநாள் இரவைப் பாருங்கள். பகலில் அவளுக்கு 18,000, 40,000 என்று ஏலம்போல் விலையேற்றிப் பேசிய, அவள்மேல் வெறிகொண்ட வணிகர் மகன் ரொகோஷின், செய்தித்தாளில் சுற்றிய ஒரு லட்சம் ரூபிளோடு வருகிறான். கையில் ஒரு காசும் வராவிட்டாலும் உங்களை மணப்பேன், உங்கள் மேல் குற்றமில்லை என்று சொல்ல அந்த மாளிகைக் கூட்டத்தில் மிஷ்கின் ஒருவனுக்கே வாய் வந்தது. அவளோ அந்தப் பணக்கட்டைக் கணப்பில் எறிந்து, வெறுங்கையால் எடுத்தால் அத்தனையும் உனக்கே என்கிறாள் கான்யாவிடம். செய்தித்தாளின் ஓரம் பற்றிக்கொள்கிறது. தலையையே தீயில் விடுகிறேன் என்று முழங்காலிட்டுக் கெஞ்சுகிறான் ரொகோஷினோடு வந்த லெபெதேவ். வெளிறி நிற்கும் கான்யா வாசல் பக்கம் திரும்புகிறான், இரண்டடி வைக்கிறான், மயங்கி விழுகிறான். அவளே இடுக்கியால் பணக்கட்டை வெளியே இழுக்கிறாள். மேல்தாள் கருகியிருக்கிறது, உள்ளே பணம் பத்திரமாக இருக்கிறது. அந்தப் பணத்தைக் கான்யாவுக்கே விட்டுவிட்டு அவள் ரொகோஷினோடு வெளியேறுகிறாள். நண்பரே, அந்த அறையில் மானத்தை இழந்தவர்கள் யார் யார் என்று எண்ணிச் சொல்லுங்கள்!

கடைசியில் ரொகோஷினின் கத்திக்கு அவள் பலியாகிறாள். கொன்றவன் காய்ச்சலில் பிதற்ற, அவனையும் வெறுக்கத் தெரியாமல், விடிய விடிய அவன் தலையையும் கன்னத்தையும் தடவிக்கொடுத்தபடி மிஷ்கின் அமர்ந்திருக்கிறான். அவன் கண்ணீர் ரொகோஷினின் கன்னத்தில் வழிகிறது. கதவைத் திறந்து ஆட்கள் நுழையும்போது அவனுக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. நடுவர் அவர்களே, அவளைச் சிதைத்த டாட்ஸ்கி பிரெஞ்சுச் சீமாட்டி ஒருத்தியை மணக்க நிம்மதியாகப் போய்விட்டான்; அவளுக்காக அழுதவனுக்குத்தான் புத்தி சிதறியது. அவனையா தோற்றவன் என்று தீர்ப்பெழுதப் போகிறீர்கள்?