பூட்டிய வாசலுக்கு வெளியே நாலு பேர்

தலைமை தாங்கும் ஆயர் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சபை மூப்பர்களே, நேற்றிலிருந்து பந்தல் போட்டு, மைக் கட்டி, இத்தனை பேருக்கும் தேநீர் போட்டுக் கொடுத்த வாலிபர் சங்கத்துத் தம்பிகளே, தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம்.

வேதாகமத்து முற்றுகைகளைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். இஸ்ரவேலின் தலைநகரான சமாரியா, கி.மு. 701இல் அசீரிய ராஜா சனகெரிபின் படை வந்த எருசலேம், கி.மு. 586இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரிடம் விழுந்த எருசலேம் என்று மூன்று உண்டு. இன்று சமாரியாவைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

முற்றுகையில் மதில் ஏறுவதெல்லாம் அப்புறம்தான். முதலில் வழியை அடைப்பான், தண்ணீரை மறிப்பான், உள்ளே தானியம் தீருகிறவரை வெளியே உட்கார்ந்திருப்பான். பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பது பகை ராஜாவுக்கும் தெரியும். அதனால்தான் எருசலேமை ஆண்ட எசேக்கியா ராஜா 533 மீட்டர் பாறையைக் குடைந்து கீகோன் ஊற்றுத் தண்ணீரை ஊருக்குள் கொண்டுவந்தான்.

சமாரியாவைச் சீரியர் வளைத்தபோது ஒரு கழுதைத்தலை எண்பது வெள்ளிக்காசு. பெற்ற பிள்ளையைத் தாய் என்ன செய்தாள் என்பதை இங்கே விரித்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பத்தும் பறந்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்த ஊர் வாசலுக்கு வெளியே நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். குஷ்டரோகிகள் என்று வேதம் சொல்கிறது. உள்ளே போனாலும் சாவு, இங்கேயே இருந்தாலும் சாவு, சீரியனிடமே போவோம், கொன்றால் கொல்லட்டும் என்று இருட்டுகிற நேரத்தில் எழுந்து நடக்கிறார்கள். பாளையத்தில் ஆள் இல்லை! குதிரை கட்டினபடி நிற்கிறது, கழுதை நிற்கிறது, கூடாரங்கள் அப்படியே இருக்கின்றன. பெரிய சேனை வரும் இரைச்சலைக் கேட்டு அத்தனை பேரும் உயிர் தப்ப ஓடிவிட்டார்கள். நாலு பேரும் ஒரு கூடாரத்தில் புகுந்து தின்கிறார்கள், குடிக்கிறார்கள், வெள்ளியையும் பொன்னையும் கொண்டுபோய் ஒளித்து வைக்கிறார்கள், திரும்பி வந்து அடுத்த கூடாரத்திலும் அதையே செய்கிறார்கள். அப்புறம் ஒருவரையொருவர் பார்த்து, நாம் செய்கிறது நியாயமல்ல, ஊருக்குச் சொல்ல வேண்டும் என்கிறார்கள். எந்த ஊருக்கு? தங்களை வெளியே வைத்த ஊருக்கு! பறந்து போகும் என்று நம் பெரியவர்கள் எண்ணிய பத்தில் தானமும் ஒன்று. இந்த நாலு பேரிடம் அது பறக்கவில்லை. மறுநாள் அதே வாசலில் ஒரு மரக்கால் கோதுமைமா ஒரே ஒரு சேக்கல் வெள்ளிக்கு விற்றது.

சமாரியாவைச் சீரியர் வளைத்தது பிறகு. அந்த நாலு பேரை ஊர் அதற்கு முன்பே வளைத்திருந்தது. என்னைப் பொறுத்தவரை முற்றுகை என்பதன் பொருள் இதுதான், ஐயா.

வேதம் சொல்லும் ரோகம் பலவகைத் தோல்நோய்களுக்குப் பொதுப்பெயர். இன்றைய தொழுநோயோடு அதை அப்படியே ஒன்றாக்க முடியாது. ஆனால் வெளியே தள்ளுகிற பழக்கம் மட்டும் மாறவே இல்லை. நம் நாட்டில் தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்ற சட்டப்பிரிவே 2019இல்தான் நீங்கியது. ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ கூட்டு மருந்து சாப்பிட்டால் குணமாகிற நோய் இது, அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். மறைப்பதால்தான் விரல் போகிறது.

மூப்பர்களே, நம் சபை அறிவிப்புகளில் குஷ்டரோகி என்ற சொல்லை இன்றோடு விடுவோம், தொழுநோயாளர் என்று எழுதுவோம். தாய்மார்களே, வீட்டில் யாருக்காவது தோல் வெளிறியோ சிவந்தோ ஒரு தேமல் இருந்து, அதில் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால், பயப்படாமல் நாளைக்கே காட்டுங்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், நான் கூட வருகிறேன்.