தனிமைப் பாட்டில் 'நீ' இருக்கிறதா?

எல்லோருக்கும் வணக்கம். ஆர்மோனியத்தைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன், நடுநடுவே வாசித்துக் காட்டுகிறேன். இன்றைக்குத் தனிமையைப் பற்றிப் பாட்டு எழுதுவது எப்படி என்று பேசலாம்.

தனிமைப் பாட்டு எழுத உட்கார்ந்தால் முதலில் வந்து விழுவது 'தனிமையில் வாடுகிறேன், கண்ணீரில் கரைகிறேன்' என்கிற மாதிரி வரிதான். மெட்டில் அழகாக உட்காரும். தொல்லையே அதுதான். கேட்கிறவர் "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். சோகம் இருக்கிறது என்று சொல்லியாயிற்று, ஆனால் ஆளைக் காணோம்.

அதனால் பேனாவைத் தொடும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். பாட்டில் இருக்கிற ஆள், யாராவது கதவைத் தட்ட மாட்டார்களா என்று காத்திருக்கிறாரா? இல்லை, யாரும் தட்டிவிடக் கூடாதே என்று உட்கார்ந்திருக்கிறாரா? அதே அறை, அதே நாற்காலி, அதே ராத்திரிதான். பாட்டு மட்டும் வேறு.

காத்திருக்கிறவர் பாட்டில் பெரும்பாலும் ஒரு 'நீ' வந்துவிடும். எதிரில் இல்லாத ஆளிடம்தான் அவர் பேசிக்கொண்டே இருப்பார். தானாக விரும்பித் தனியாக இருக்கிறவருக்கு அந்த 'நீ' தேவையில்லை. அவர் கண்ணில் படுகிற பொருளைப் பார்ப்பார், காதில் விழுவதைக் கேட்பார். உதாரணத்துக்கு ஒன்று எழுதிப் பார்த்தேன்: 'கதவைச் சாத்தினேன், மின்விசிறி மட்டும் பேசுது, பேசட்டும்.' அந்த 'பேசட்டும்' இல்லையென்றால் இதுவும் புலம்பல்தான். ஒரே சொல்லில் ஆள் மாறிவிடுகிறார்.

இதற்கு விதிவிலக்கு இல்லாமல் இல்லை. குறுந்தொகையின் 6-ஆம் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள், பதுமனார் பாடியது. நாலே அடி. காதலனைப் பிரிந்து காத்திருக்கிற ஒரு பெண் பேசுகிறாள், ஆனால் 'நீ' கிடையாது. நள்ளிரவு, எல்லோரும் பேச்சடங்கித் தூங்கிவிட்டார்கள், உலகமே தூங்குகிறது, நான் ஒருத்திதான் தூங்கவில்லை என்கிறாள். அவ்வளவுதான். அவனைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, அழுகையும் கிடையாது. ஊரையெல்லாம் தூங்கவைத்துவிட்டு அவளை மட்டும் விழிக்க வைத்திருக்கிறார் புலவர். இதைவிடச் சிக்கனமாக இதைச் செய்ய முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சரி, இப்போது வரி எப்படி முடிகிறது என்று பார்ப்போம். இன்னொரு வரி எழுதினேன்: 'போன் அதிர்ந்தது, பாய்ந்து போனேன், சார்ஜ் தீர்ந்தது.' யாரோ கூப்பிடுகிறார்கள் என்று ஓடினால், பேட்டரி கூப்பிட்டிருக்கிறது. இதை 'தீர்ந்ததே' என்று முடித்தால் அந்த ஏகாரத்தைப் பிடித்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இழுக்கலாம், கேட்கிறவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம். 'தீர்ந்தது' என்றால் கடைசியில் இருப்பது குற்றியலுகரம், அரை மாத்திரை. இழுக்க முடியாது, இழுத்தால் சிரிப்பாக இருக்கும். குரல் அங்கேயே அறுந்து நிற்கும், அப்புறம் வருகிற வெற்றிடம் பாட்டுக்குள்ளேயே சேர்ந்துவிடும். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது.

அடுத்தது ராகம். சோகம் என்றாலே சிவரஞ்சனியில் போய் நிற்கிற பழக்கம் நமக்கு உண்டு. அதன் சுரங்கள் ச ரி க ப த. மோகனத்துக்கும் அதே ஐந்துதான். வித்தியாசம் 'க', அதாவது காந்தாரத்தில் மட்டும்: மோகனத்தில் அந்தர காந்தாரம், சிவரஞ்சனியில் அரைச் சுரம் கீழே சாதாரண காந்தாரம். (வாசிக்கிறேன், கேளுங்கள்.) மேற்கத்திய இசையில் மேஜர், மைனர் என்று பிரிப்பதற்கும் இந்த காந்தார இடம்தான் காரணம். அதனால் நான் சொல்வது, பாட்டு முழுக்கச் சிவரஞ்சனியில் நனைக்காதீர்கள். மோகனத்திலேயே சாதாரணமாகப் போய்க்கொண்டிருங்கள், சரணத்தில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் காந்தாரத்தை இறக்குங்கள். 'நான் நல்லாத்தான் இருக்கேன்' என்று சொல்கிற ஆளின் குரல் ஒரு நொடி பிசகுகிற இடம் அது. ராக சுத்தம் பார்க்கிறவர்கள் திட்டுவார்கள், திட்டட்டும்.

வரி எந்தச் சுரத்தில் நிற்கிறது என்பதையும் கவனியுங்கள். காத்திருக்கிறவர் பாட்டை ரிஷபத்தில், அதாவது 'ரி'யில் நிறுத்திப் பாருங்கள், கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வராத மாதிரி இருக்கும். நிம்மதியாக இருக்கிறவர் வரியைச் சட்ஜத்தில், அதாவது 'ச'வில் கொண்டு வந்து இறக்கிவிடலாம்.

ரெக்கார்டிங் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எதிரொலியை அள்ளிக் கொட்டாதீர்கள். எதிரொலி கூடினால் பெரிய மண்டபம் ஞாபகத்துக்கு வரும், மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பாடினால் காதருகே ஓர் ஆள் வந்துவிடுவார். பாட்டுக்கு எது வேண்டுமோ அதை வையுங்கள். கோரஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். 'எனக்கு யாருமில்லை' என்று எட்டுப் பேர் சேர்ந்து பாடினால் நம்புவது கஷ்டம்.

நீங்கள் எழுதியதில் இரண்டு வரியைக் கீழே போடுங்கள். அடுத்த வீடியோவில் அவற்றை எடுத்து மெட்டுப் போட்டுப் பார்ப்போம்.