மிளகு மூழ்கியது, இரும்பு மீண்டது: ஒரு மங்களூரு வணிகரின் காகிதங்கள்

[திரையில்: பழுப்பேறிய காகிதம். விளிம்பு வரை நெருக்கி எழுதிய வரிகள்.]

இது 12ஆம் நூற்றாண்டில் யேமனின் ஏடன் துறைமுகத்திலிருந்து மங்களூருக்கு வந்த வணிகக் கடிதம். மொழி அரபு, எழுத்து எபிரேயம். பெற்றவர் ஆபிரகாம் பென் யிஜு, துனிசியாவின் மஹ்தியா ஊரைச் சேர்ந்த யூத வணிகர். 1132 முதல் 1149 வரை பெரும்பாலும் நம் மேற்குக் கரையில் வாழ்ந்து மிளகு, இரும்பு, ஏலக்காய், பாக்கு அனுப்பி வந்தார். வெண்கலப் பட்டறையும் நடத்தினார். ஏடன் நண்பர்கள் உடைந்த பாத்திரங்களைக் கப்பலேற்றி, உருக்கிப் புதிதாக வார்த்துத் தரும்படி கேட்பார்கள்.

[திரையில்: பழைய கெய்ரோ, பென் எஸ்ரா தொழுகைக்கூடம்.]

இறைவனின் பெயர் எழுதிய தாளைத் தூக்கி எறியக் கூடாது என்பது யூத மரபு. அதனால் பழைய தாள்களை இங்கே ‘கெனிசா’ என்ற அறையில் போட்டு வைத்தார்கள். வேத நூல்களோடு கணக்குச் சீட்டு, கடன் பத்திரம், திருமண ஒப்பந்தம் எல்லாம் சேர்ந்தே போயின. பென் யிஜுவின் காகிதங்களும் இப்படித்தான் இங்கே தங்கின. 1896இன் இறுதியில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக யூத அறிஞர் சாலமன் ஷெக்டர் கெய்ரோ சென்றார். அவர் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தவை ஏறத்தாழ 1,93,000 துண்டுகள்.

[திரையில்: செங்கடலின் வாயில் காட்டும் வரைபடம்.]

ஒரு கடிதத்தை மட்டும் நிதானமாகப் பார்ப்போம். எழுதியவர் ஏடன் வணிகர் கலஃப் பின் ஐசக். பென் யிஜுவின் சரக்கு ஏற்றிய கப்பல் புயலில் சிக்கி பாபல் மந்தப் நீரிணை அருகே உடைந்துவிட்டது. மிளகு முழுவதும் போயிற்று. ஆனால் இரும்பு? ஏடனிலிருந்து மாலுமிகளைக் கூலி பேசி அழைத்துப்போய் மூழ்க வைத்தார்கள், பாதியளவு கிடைத்தது. கடலில் ஈரமான மிளகு பாழ், இரும்பு தேறும் என்ற கணக்கு இதில் இருக்கிறது. கூலிக்கு உயிரைப் பணயம் வைத்த மாலுமிகளும் இருக்கிறார்கள். அவர்களின் பெயர் எந்த மெய்க்கீர்த்தியிலும் வராது. அவர்கள் செய்த வேலையாவது இந்த வணிகக் கடிதத்தில் பதிவாகியிருக்கிறது. இதற்காகவே ஆவணக் காப்பகங்களை நான் கொண்டாடுகிறேன்.

பொம்மா என்பவரையும் இந்தக் காகிதங்களில்தான் சந்திக்கிறோம். அவர் பென் யிஜுவின் அடிமை. ஆனால் முதலாளிக்காகக் கடல் கடந்து ஏடன் வரை போய் வணிகம் பார்த்த முகவர். ஏடன்காரர்கள் தங்கள் கடிதங்களில் அவருக்குத் தனியாக வணக்கம் சொல்கிறார்கள். அடிமை முறை எவ்வளவு சிக்கலானது என்பதை இந்த ஒரு வரி உணர்த்துகிறது. அதன் கொடுமையை அது குறைத்துவிடவில்லை.

அடுத்து ஆஷு என்ற அடிமைப் பெண். 1132 அக்டோபர் 17 அன்று மங்களூரில் பென் யிஜு அவரை விடுவித்தார். விடுதலைப் பத்திரம் கிடைத்திருக்கிறது. பின்னர் அவரையே மணந்தார் என ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆஷு என்ன நினைத்தார் என்று சொல்லும் ஒரு தாள்கூட இல்லை. கெனிசாவில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் இடைவெளி இதுதான்.

[திரையில்: அதே தாளின் மறுபக்கம்.]

மங்களூரில் காகிதம் அரிது. ஏடன் நண்பர்கள் சர்க்கரை, திராட்சையோடு எகிப்தியக் காகிதத்தையும் அன்பளிப்பாக அனுப்பினார்கள். அப்படியும் போதவில்லை போலும்! வந்த கடிதங்களின் பின்பக்கத்தில் பென் யிஜு கணக்கு எழுதினார், கவிதையும் எழுதினார். பயணத்துக்கு எடுத்துப்போகும் சாமான்களின் நீண்ட பட்டியலையும் அப்படித்தான் எழுதினார். ஆகவே இப்படிப்பட்ட தாள்களில் முன்பக்கம் ஏடன் பேசுகிறது, பின்பக்கம் மங்களூர்.

இந்தத் துண்டுகளில் பலவற்றைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. டெய்லர்-ஷெக்டர் தொகுப்பு என்று தேடுங்கள். எபிரேய எழுத்து தெரியாவிட்டாலும் பரவாயில்லை, படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு பக்கங்களையும் பார்க்க மறக்காதீர்கள்.