நாகர்கோவில் உங்களுக்குப் போதுமா?

(நாகர்கோவிலில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் மாலை வணக்கம்.

நடுத்தர நகரத்தில் வாழ்வது எப்படி இருக்கிறது என்று பேசச் சொன்னார்கள். நான் இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். என் ஒருவன் அனுபவத்தை வைத்துப் பேசுவது சரியாகப் படவில்லை. அதனால் இரண்டு மாதமாகத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: "நாகர்கோவில் உங்களுக்குப் போதுமா?"

ஊரின் அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். 2011 கணக்கெடுப்பில் இங்கே 2,24,849 பேர். 2019இல் மாநகராட்சி ஆனோம். ஆனால் இந்த எண்ணிக்கையை மட்டும் வைத்து நம் ஊரைப் புரிந்துகொள்ள முடியாது. அதே கணக்கெடுப்பில் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். மாநிலச் சராசரி 555. வடசேரியில் பஸ் ஏறிக் கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளை வரை போய்ப் பாருங்கள், வீடு கண்ணில் படாத இடம் அபூர்வம். தென்னை, வாழை, வீடு, கடை, மறுபடியும் வாழை. நகரம் எங்கே முடிந்து கிராமம் எங்கே தொடங்குகிறது என்று கண்டக்டரால்கூடச் சொல்ல முடியாது.

"போதும்" என்று உடனே சொன்னவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். எங்கள் தெருவில் எழுபதைத் தாண்டிய ஓர் அக்காள் தனியாக இருக்கிறார். காலையில் டவுன் பஸ்ஸில் கட்டணமில்லாமல் ஏறி வடசேரிச் சந்தைக்குப் போய்க் காய் வாங்குகிறார். மாதம் ஒருமுறை ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சர்க்கரைக்கு மாத்திரை வாங்குகிறார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பார். "யாரையும் கூட்டிக்கிட்டுப் போகாண்டாம்லா தம்பி" என்றார். ஒரு நகரம் சரியான அளவில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தோன்றவில்லை. எழுபது வயதுப் பெண் ஒருவர், துணை இல்லாமல், அரை நாளில் தன் வேலைகளை முடித்துத் திரும்ப முடிகிறது.

சென்னையிலிருந்து இங்கே மருமகளாக வந்த ஒரு பெண் வேறு மாதிரி சொன்னார். "அங்கே யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். இங்கே ஜங்ஷனில் நின்றாலே 'யாருக்க வீடு?' என்று கேட்கிறார்கள். முதல் வருடம் மூச்சு முட்டியது" என்றார். பழகிவிட்டதா என்று கேட்டேன். "பாதி பழகிவிட்டது" என்றார். அந்தப் பாதியை நான் மதிக்கிறேன். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊரில் ஒருவர் விழுந்தால் தூக்க நாலு கை வரும், உண்மைதான். அதே ஊரில் வாடகைக்கு வீடு கேட்டுப் போகிறவரிடம் முதலில் கேட்பது என்ன வேலை என்றா? நீங்கள் என்ன ஆள், எந்தக் கோயில், எந்தச் சபை என்றுதான். சாதி மாறித் திருமணம் செய்துகொண்ட ஓர் இளம் தம்பதி நாலு மாதம் வீடு தேடியதை நான் அருகிலிருந்து பார்த்தேன். அவர்களைப் பொறுத்தவரை இந்த ஊர் போதாது. நாம் வெட்கப்பட வேண்டிய இடம் இது.

அடுத்து இளைஞர்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வடசேரி பஸ் நிலையத்தில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். சென்னை பஸ், பெங்களூர் பஸ், கோயம்புத்தூர் பஸ். தோளில் லேப்டாப் பை, கையில் நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலம், அம்மா கட்டிக்கொடுத்த மீன் குழம்பு சிந்தாமல் இருக்க இரண்டு பிளாஸ்டிக் கவர். அப்பாக்கள் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, பஸ் கிளம்பும்வரை சற்றுத் தள்ளி நிற்பார்கள். நானும் அப்படி நின்றவன்தான். 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்துக்கு 91.75 சதவீத எழுத்தறிவு, தமிழ்நாட்டிலேயே முதலிடம் என்று பெருமையாகச் சொல்கிறோம். ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி 1893இலிருந்தே கல்லூரியாக நடக்கிறது. படிக்க வைத்தோம். படித்த பிள்ளை உட்கார்ந்து வேலை செய்ய இங்கே நாற்காலி எத்தனை போட்டோம்? பெங்களூரில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் சொன்னான்: "சார், ஊர் எனக்குப் போதும். ஊருக்கு நான் தேவைப்படவில்லை." அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

விடியற்காலை திருவனந்தபுரம் ரயிலையும் சொல்ல வேண்டும். அதில் ஆபீஸ் போகிறவர்களோடு, மடியில் ஸ்கேன் கவரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. புற்றுநோய் என்றால், சிக்கலான இதய அறுவை என்றால், நம்மில் பலர் இன்னும் அங்கேதான் போகிறோம். 1956 நவம்பர் 1இல் நாம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். ஆனால் பெரிய நோய் வந்தால் கால் பழைய திசையில்தான் நடக்கிறது. பக்கத்தில் ஒரு பெரிய நகரம் இருப்பது வசதிதான். ஆனால் கீமோ முடித்துவிட்டு ரயிலில் நின்றுகொண்டே திரும்புகிறவருக்கு எழுபது கிலோமீட்டர் சின்னத் தூரம் இல்லை.

போக்குவரத்து நெரிசல் பற்றி ஆட்டோக்காரர்கள் நிறையச் சொன்னார்கள். மாட்டுவண்டிக் காலத்துச் சாலைகள், அவற்றில் இன்றைய கார்கள். உங்களுக்குத் தெரியாதது இல்லை; கடந்து போகிறேன்.

எனக்கு அதிகக் கவலை தருவது தண்ணீர். நமக்கு ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில், கோடை வந்தால் நமக்குக் குடிநீர் தரும் முக்கடல் அணையின் நீர்மட்டம் மைனஸில் போய்விட்டது என்று செய்தி படிக்கிறோம். வானத்தைக் குறை சொல்ல முடியுமா? பெய்கிற மழையைப் பிடித்துவைத்தவை குளங்கள். குளத்துத் தண்ணீரில் விளைந்தவை வயல்கள். அந்த வயல்களைக் கல் நட்டு பிளாட் போட்டோம். சாலைக்காகக் குளங்களுக்குள் மண்ணைக் கொட்டினோம். என் வீடு இருக்கும் தெருவும் என் சிறுவயதில் வயல்தான். நெல் அறுத்த தாளில் நான் பந்து விளையாடியிருக்கிறேன். ஆகவே இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. மறைக்க விரும்பவில்லை.

மிச்சம் இருப்பதன் அருமையைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. இங்கிருந்து டவுன் பஸ்ஸில் போய்விடலாம். அதிகாலையில் அந்தக் கரையில் நின்று, தாமரை இலைகளுக்கு நடுவே நாமக்கோழிகள் மேய்வதைப் பார்த்துவிட்டு, எட்டு மணிக்கு வீட்டில் இட்லி சாப்பிடலாம். சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது வாய்க்கும்? நாம் சென்னையைப் போல ஆக வேண்டும் என்று மேடையில் யாராவது பேசும்போது எனக்கு இந்தக் கரைதான் ஞாபகம் வருகிறது. வேலை வரட்டும், ஆஸ்பத்திரி வரட்டும். அவற்றைக் குளத்துக்குள் கட்ட வேண்டாம்.

கடைசியாக ஒருவர். எங்கள் முக்கில் உட்கார்ந்து மீன் விற்கும் அம்மா. கடற்கரையிலிருந்து பஸ்ஸில் கூடையோடு வருகிறார். அவரிடமும் கேட்டேன். சாளையைக் கூறு வைத்துக்கொண்டே சொன்னார்: "ஊரு போதும் மக்ளே. இருக்க எடந்தான் போதல்ல. அந்தப் பூவரசு நின்னப்போ பன்னெண்டு மணி வரைக்கும் இருப்பேன். இப்ப ஒம்பதரைக்கே வெயிலு தலைக்க மேல வந்திருது, மீனு கெட்டுப்போவுது."

அந்தப் பூவரசை வெட்டி மூன்று வருடம் ஆகிறது. தினமும் அந்த வழியாகப் போகும் எனக்கு, அவர் சொல்லும்வரை அது உறைக்கவில்லை. அந்த முக்கில் ஒரு சின்னக் கூரையும் இரண்டு மரக்கன்றும் கேட்டு ஒரு மனு எழுதியிருக்கிறேன். வாசல் பக்க மேஜையில் இருக்கிறது. போகும்போது படித்துப் பாருங்கள். சரி என்று பட்டால் கையெழுத்துப் போடுங்கள்.

நன்றி, வணக்கம்.